விட்டுடறேன் என்று சொன்னவள்

அத்தியாயம் 14

சேக்காட்டில் அந்தச் சந்துக்குள் இஸ்திரிப் பெட்டியை குணசேகரன் அளவுக்கு மதித்தவர் யாருமில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் பவர் பிரஸ் ஓட்டும் வேலைக்குக்கூட மடிப்புக் கலையாத சட்டையோடுதான் போவான். அன்று காலை அவன் தேய்த்துக்கொண்டிருந்தது தன் சட்டையை அல்ல, மனைவி விஜியின் நீலக் காட்டன் புடவையை.

"குடு மாமா, நான் தேச்சிக்கறேன்."

"நீ சும்மா குந்து மே. இன்னிக்கு நீ ஆபீசரு. ஆபீசர் பொடவைய ஆபீசரே தேய்ப்பாங்களா?"

விஜிக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. சான்றிதழ்கள் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு அவன் முதுகையே பார்த்திருந்தாள். இன்று பூந்தமல்லியில் சான்றிதழ் சரிபார்ப்பு. அது முடிந்தால் சுகாதாரத் துறையில் இளநிலை உதவியாளர். அந்தக் குடும்பத்தில் அரசாங்கச் சம்பளம் வாங்கப்போகும் முதல் ஆள்.

அவனிடம் சொல்லவேண்டியதை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சொல்லாமலே வைத்திருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பட்டாபிராம் ஜெபவீட்டின் பின்கட்டுத் தொட்டியில் அவள் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தாள். குணசேகரன் உள்ளே வரவில்லை, தடுக்கவும் இல்லை. வாசலில் வண்டிமேல் உட்கார்ந்து செல்போனை நோண்டிக்கொண்டிருந்தான். ஈரத்தலையோடு வந்தவளிடம், "துவட்டிக்க மே, சளி புடிச்சிக்கும்" என்றதோடு சரி.

அந்த ஜெபவீட்டுக்கு விஜி முதன்முதலில் போனது சாமியைத் தேடி அல்ல. பரீட்சைக்குப் படிக்க. ஒரே அறை வீட்டில் டி.வி. ஒரு பக்கம், பக்கத்து வீட்டுச் சண்டை மறுபக்கம். "பகல்ல எங்க ஹால் சும்மாதான் கெடக்குது, வந்து படியேன்" என்று பாஸ்டர் அருளின் மனைவி கூப்பிட்டாள். கணக்கும் பொது அறிவும் அலுத்துப்போன மத்தியானங்களில், அலமாரியிலிருந்த வேதாகமத்தை எடுத்துப் புரட்டினாள் விஜி. முதலில் பொழுது போக. பிறகு விட முடியாமல். வேலையும் விசுவாசமும் அவளுக்கு ஒரே பாயில் உட்கார்ந்துதான் கிடைத்தன.

தண்ணீரில் இறங்கியதும் பாஸ்டர் கேட்டார்: "பொய்யையும் வஞ்சகத்தையும் விட்டுடறியா மகளே?"

இடுப்பளவு தண்ணீர் சில்லென்று இருந்தது. "விட்டுடறேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்து பையைத் திறந்தபோதுதான் அந்த வார்த்தையின் எடை தெரிந்தது. சாதிச் சான்றிதழில் 'இந்து ஆதிதிராவிடர்' என்று இருந்தது. அவள் தேர்வானது அந்தப் பிரிவில். கிறிஸ்தவள் என்று சொன்னால் அவள் பெயர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடும். அந்தப் பட்டியலுக்கு அவள் மதிப்பெண் எட்டாது.

"இந்தா மே, நெத்தியக் காட்டு." மாமியார் சொர்ணம் திருநீற்றுத் தட்டோடு வந்து நின்றாள்.

"வேணாம் அத்தே."

சொர்ணம் ஒரு கணம் முறைத்தாள். பிறகு அந்தத் திருநீற்றைத் தன் நெற்றியிலேயே பூசிக்கொண்டாள். "போ, உன் பங்கையும் சேத்து நானே வெச்சிக்கறேன். அடுக்குமாடில எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன், மாசக் கடைசியோட நின்னுடறேன்னு. மூணாவது மாடி அம்மா, 'உன் மருமவ ஆபீசரா சொர்ணம்?'னு கேட்டுச்சு. ஆமாங்கன்னேன். அவங்க ஊட்ல இனிமே யாரு பாத்திரம் தேச்சா எனக்கின்னா?"

முட்டி தேய்ந்த கால்களை நீட்டி உட்கார்ந்து அவள் சிரித்த சிரிப்பை விஜியால் நேராகப் பார்க்க முடியவில்லை.

பூந்தமல்லிக்குச் சீக்கிரமே வந்து சேர்ந்தார்கள். அலுவலகத்துக்கு எதிரே டீக்கடை. குணசேகரன் இரண்டு டீ சொல்லிவிட்டு, வாங்கி வைத்திருந்த புதுப் பேனாவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான்.

"மாமா, ஒண்ணு சொல்லணும். நீ கத்தக்கூடாது."

"சொல்லு."

"உள்ள ஒரு பேப்பர் குடுப்பாங்களாம். நான் இந்து, மதம் மாறலன்னு கையெழுத்து போடணும். என்னால முடியாது."

அவன் டீயை ஊதுவதை நிறுத்தினான். "இன்னா முடியாது?"

"நான் மாறிட்டேன் மாமா. மாறலன்னு எப்டி எழுதுவேன்?"

"மே, அது சாமி, இது பேப்பர். ரெண்டுத்தையும் ஏன் போட்டுக் கொழப்பற? உங்க ஜெபவீட்டுக்கு வரவங்கள்ல முக்காவாசிப் பேரு பேப்பர்ல இந்துதான். அவங்களையெல்லாம் உங்க சாமி தள்ளியா வெச்சிட்டாரு?"

"அவங்கவங்க கஷ்டம் அவங்கவங்களுக்கு. அவங்கள நான் ஒண்ணும் சொல்லல. என்னைக் கேட்டாங்க, உட்டுடறேன்னு சொன்னேன்."

"யாரு கேட்டது? தொட்டில நின்னுகினு ஒரு மனுசன் கேட்டாரு. அவரு கேட்டது பெருசு. நைட்டு ஷிப்டு பாத்துட்டு வந்து நான் சோறாக்குனேனே, நம்ம பாப்பாவுக்குத் தல பின்னி உட்டேனே, அது இன்னா? படிக்கப் போன எடத்துல இத்தப் புடிச்சிகினு வந்துட்ட."

"அதுக்கு உன் கால்ல உழுவேன் மாமா. ஆனா பொய்க் கையெழுத்து போட மாட்டேன்."

அவன் குரல் தாழ்ந்தது. கத்தியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"கள்ளிக்குப்பத்துல ஊடு பாக்கப் போனோமே. அந்த ஓனர் அம்மா இன்னா கேட்டா? 'நீங்க என்ன ஆளுங்க?'ன்னா. சொன்னதும் ஊட்டுக்கு வேற ஆள் வந்துட்டாங்கன்னா. இப்ப போய்க் கேளு. நான் முங்கி எழுந்துட்டேன், ஏசு சாமி ஆளுன்னு சொல்லு. சாவி குடுக்கறாளா பாரு."

"குடுக்க மாட்டாங்க."

"அப்ப? சாமி மாறுனா ஆபீஸ்ல மட்டும் சாதி மாறிப்பூடும், தெருவுல மாறாதா? இது இன்னா நாயம் மே?"

"நாயம் இல்ல மாமா. எனக்கும் தெரியும். அது அவங்க பண்ற தப்பு. அதுக்குப் பதிலுக்கு நான் ஒரு பொய் சொன்னா, நான் அந்தத் தண்ணிலேந்து எழுந்து வந்ததுக்கு இன்னா அர்த்தம்?"

அவன் டீ கிளாசை பெஞ்சில் வைத்தான். பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

"போ. உள்ள போயி இன்னா வேணா சொல்லு. நீ திரும்பி வர்றப்ப நான் இங்க இருப்பேனா தெரியாது."

மாடியில் வரிசை நகர்ந்து அவள் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி சாவித்திரி, மூக்குக் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றியிருந்தார். மதிப்பெண் பட்டியல், இருப்பிடச் சான்று, சாதிச் சான்று ஒவ்வொன்றையும் பார்த்துப் பென்சிலால் டிக் அடித்தார். கடைசியாக ஒரு தாளைத் தள்ளினார்.

"உறுதிமொழி. கீழே கையெழுத்து போடும்மா."

விஜி படித்தாள். பேனா மூடியைத் திறக்கவில்லை.

"மேடம், நான் போன ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம் எடுத்துட்டேன்."

சாவித்திரி நிமிர்ந்தார். பக்கத்து மேசையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, நான் கேட்டேனா உன்னை?"

"இந்தப் பேப்பர்ல கேட்டிருக்கே மேடம்."

"பரீட்சை எழுதினப்போ இந்துதானே?"

"ஆமாங்க."

"அப்படின்னா இதை ஒரு மாசம் கழிச்சு எடுத்திருக்கக்கூடாதா? போம்மா, கீழ போய்த் தண்ணி குடிச்சிட்டு, வீட்டுக்காரரோட பேசிட்டு வா. நான் ஃபைலை ஓரமா வைக்கிறேன்."

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். அதனால்தான் கஷ்டமாக இருந்தது. திட்டியிருந்தால் எதிர்த்து நின்றிருக்கலாம்.

"பேசிட்டேன் மேடம். தண்ணியும் குடிச்சிட்டேன்."

"உனக்கு அடுத்து ஒரு பொண்ணு காத்துக்கிட்டிருக்கு. நீ விட்டா அதுக்குப் போயிடும், தெரியுமா?"

"போவட்டும் மேடம். அதுவும் எங்க தெரு மாதிரி ஒரு தெருவுலேந்துதான் வந்திருக்கும்."

சாவித்திரி கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். இப்போது அதிகாரியாகவே பேசினார். "எந்தச் சபை? பாஸ்டர் பேர் என்ன?"

விஜி இதை எதிர்பார்த்திருந்தாள். ஜெபவீட்டுப் பாயில் பக்கத்தில் உட்காரும் முகங்கள் வரிசையாக வந்து போயின. நகராட்சியில் வேலை பார்ப்பவர், ஸ்காலர்ஷிப்பில் நர்ஸிங் படிக்கும் பெண், கடன் மானியத்தில் ஆட்டோ வாங்கியவர். எல்லாரும் இதே 'இந்து' சான்றிதழை வைத்துத்தான்.

"என்னைப் பத்தி சொல்லிட்டேன் மேடம். மத்தவங்களப் பத்தி சொல்ல மாட்டேன்."

"மறைக்கறியா?"

"மறைக்கலைங்க. சொல்ல மாட்டேன்னு உங்ககிட்டயே சொல்றேன்."

சாவித்திரி ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கொடுத்தார். "உன் கையாலேயே எழுதிக் குடு. நான் தாசில்தாருக்கு அனுப்பணும். வி.ஏ.ஓ. உங்க பக்கம் விசாரணைக்கு வருவார். நீ சொல்லலைன்னாலும் அவங்க கேட்பாங்க. விஷயம் உன்னோட நிக்காதும்மா."

புருஷன் வாங்கிக் கொடுத்த புதுப் பேனாவால்தான் விஜி எழுதினாள். எழுத்து கொஞ்சமும் கோணவில்லை.

எழுதிக் கொடுத்துவிட்டுப் படி இறங்கினாள். ஜெபவீட்டில் சாட்சி சொல்பவர்கள், இந்த மாதிரி நேரத்தில் மனசுக்குள் பெரிய சமாதானம் வந்தது என்பார்கள். அவளுக்குப் பசிதான் வந்தது.

எதிர்ப்பக்கம் வண்டி இல்லை.

"அக்கா, அண்ணாத்தே இத்தக் குடுக்கச் சொன்னாரு" என்று டீக்கடைக்காரர் சாப்பாட்டுப் பையை நீட்டினார். எலுமிச்சைச் சாதம், அவன் கட்டியது.

பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே பாஸ்டர் அருளுக்குப் போன் போட்டாள். நடந்ததை மற்றவர் வாயிலிருந்து அவர் கேட்கக்கூடாது என்று நினைத்தாள்.

எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"பாஸ்டர்?"

"நம்ம சபை பேரு வந்துச்சா சிஸ்டர்?"

"வரல பாஸ்டர். நான் சொல்லல. ஆனா விசாரணை வரும்னு சொல்றாங்க."

"நாப்பது குடும்பம் சிஸ்டர். கூலி வேலைக்குப் போன ஜனங்க, இப்பதான் பிள்ளைங்க தலை நிமிருது. என் பொண்ணு காலேஜ் படிக்கிறதே அந்த சர்டிபிகேட்டுலதான்." அவர் குரல் உடைந்தது. "ஒரு விண்ணப்பம். கொஞ்ச நாளைக்கு ஆராதனைக்கு வராம இருங்க."

பஸ் ஒன்று வந்து நின்று, ஆட்களை இறக்கி, கிளம்பிப் போனது. விஜி ஏறவில்லை. வேலை போனபோது வராத கண்ணீர் இப்போது வந்தது.

"நீங்கதான பாஸ்டர் கேட்டீங்க, பொய்ய உட்டுடறியான்னு?"

"கேட்டேன்... கேட்டேன் சிஸ்டர். நீங்க அதை இப்படி எடுத்துக்குவீங்கன்னு நினைக்கல."

"வேற எப்டி எடுத்துக்கறது பாஸ்டர்?"

அவரைத் திட்ட வேண்டும் என்று விஜிக்குத் தோன்றவில்லை. பயந்த மனிதர். அவருக்கும் ஒரு பெண் இருக்கிறாள்.

"ஞாயித்துக்கிழமை நான் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினாள்.

வீட்டில் சொர்ணம் வாசல்படியிலேயே காத்திருந்தாள். மருமகள் முகத்தைப் பார்த்ததும் எழ முயன்றவள், முட்டி ஒத்துழைக்காமல் அப்படியே உட்கார்ந்தாள். விஜி எதிரே தரையில் அமர்ந்து எதையும் பூசி மெழுகாமல் சொன்னாள்.

சொர்ணத்தின் முதல் கேள்வி வேலையைப் பற்றி அல்ல. "பாப்பாவுக்கும் அந்த சர்டிபிகேட்டு போயிடுமா?"

"போவாது அத்தே. அவ மாமா புள்ள. மாமா பேப்பர்ல எப்டிக் கீறாரோ, அப்டித்தான்."

"எனக்கு?"

"உனக்கு இன்னா அத்தே, எம்பங்குத் துன்னூறையும் சேத்து வெச்சிகினு கீற."

சொர்ணம் சிரிக்கவில்லை. "நாளைக்கு மூணாவது மாடி அம்மா மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்?"

"வேலைய உட்டு நிக்கலன்னு சொல்லிடு. நானும் வரேன். ஏறி எறங்கற ஊட்டையெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ கீழ் ஊடுங்களப் பாரு."

"இவ்ளோ படிச்சிட்டுப் பாத்திரம் தேய்க்கறியா? வெக்கமா இல்ல உனக்கு?"

"பொய் சொல்லிட்டு நாக்காலில குந்தியிருந்தா வெக்கமா இருந்திருக்கும் அத்தே."

"எங்கிட்ட எதுவும் பேசாத." சொர்ணம் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். விஜி தட்டில் போட்டு வைத்த சோறு ஆறிப்போனது.

விஜி துணி துவைத்தாள். தண்ணீர் பிடித்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் ஜோதிகாவுக்குப் பால் கொடுத்து டியூஷனுக்கு அனுப்பினாள். கைக்கு வேலை இருந்தவரை மனம் ஒரே இடத்தில் நின்றது. செய்தது சரி. அதில் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. குணசேகரன் வருவானா என்பதில்தான் சந்தேகம் வந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் வண்டிச் சத்தம் கேட்டது.

உள்ளே வந்தவனின் சட்டை கசங்கியிருந்தது. ஒரு பொத்தான் அறுந்திருந்தது. நேராகப் போய்ச் சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தான்.

"உம்மேல எனக்குக் கோவம் போவல மே. அத்த மொதல்ல சொல்லிடறேன்."

"சரி மாமா."

"கம்பெனிக்கும் போவல. எங்கெங்கியோ சுத்திகினு இருந்தேன். அப்பறம் பட்டாபிராமுக்குப் போனேன். இத்தினிக்கும் காரணம் அந்தப் பாஸ்டருதான, அவரு சட்டையப் புடிச்சிக் கேக்கலாம்னு போனேன். போனா, அவரு ஸ்டூல் மேல ஏறி நின்னுகினு ஜெபவீட்டுப் போர்டக் கழட்டிகினு கீறாரு. அப்பவே புரிஞ்சிச்சு, நீ உள்ள சொல்லிட்டன்னு."

தன் போன்தான் அவரை அந்த ஸ்டூலில் ஏற்றியிருக்கிறது என்று விஜிக்குப் புரிந்தது.

"எனக்கு உங்க சாமி மேல நம்பிக்கை கெடயாது. நீ பண்ணதும் எனக்குப் புடிக்கல. ஆனா அத்தப் பாத்ததும் எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சிச்சு மே. 'யோவ், எம் பொண்டாட்டி உன் தொட்டில முங்குனதுக்கு வேலைய உட்டுட்டு வந்து நிக்கறா. நீ போர்டக் கழட்டற. நீ எதுல முங்குன?'ன்னு கேட்டேன்."

"சத்தமாவா மாமா?"

"சத்தமாத்தான். கடக்காரன் அல்லாம் வெளிய வந்துட்டான். எறங்குய்யான்னு ஸ்டூலப் புடிச்சேன், தள்ளுமுள்ளு ஆயிட்ச்சு."

"கூட்டத்துல யாரு யாரு இருந்தாங்க?"

அவன் சொம்பைக் கீழே வைத்தான். அதுவரை இருந்த வேகம் குரலில் இல்லை.

"வி.ஏ.ஓ. ஆபீஸ்ல எடுபிடியா கீறானே பூங்காவனம், அவன் வண்டிய நிறுத்திட்டு நின்னுகினு இருந்தான். சிரிச்சிகினே, 'எத்தினி பேரு அண்ணாத்தே இந்தத் தொட்டில முங்குனாங்க?'ன்னு கேட்டான்."

"நீ இன்னா சொன்ன?"

குணசேகரன் பொத்தான் அறுந்த இடத்தைத் தடவினான்.

"மாமா, நீ இன்னா சொன்ன?"

"கோவத்துல வந்துட்ச்சு மே. 'என்னா எத்தினி பேரு, இங்க வர அல்லாருந்தான் முங்கியிருக்காங்க, இவ ஒருத்திதான் மாட்னாளா?'ன்னு கத்திட்டேன்."

வெளியே யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்து அடங்கியது. மாடியில் அந்த அதிகாரி கேட்டும் அவள் சொல்லாதது, அவளுக்காகப் பேசப்போன வாயிலிருந்தே நடுத்தெருவில் கொட்டிவிட்டது. குணசேகரனுக்கு அது இப்போதுதான் முழுதாக உறைத்தது போலிருந்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

விஜி அவனைத் திட்டவில்லை. கொடியில் கிடந்த வேறு சட்டையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"வண்டிய எடு மாமா."

"எங்க?"

"பட்டாபிராமுக்கு. பூங்காவனம் போயி மெரட்டறதுக்கு முன்ன சபைக்காரங்க ஒவ்வொருத்தர் ஊட்டுக்கும் நான் போவணும். என்னால வந்தது. அத்த என் வாயாலதான் அவங்க கேக்கணும்."

"புள்ளைங்க படிப்பு மே. பொம்பளைங்க சும்மா உடமாட்டாங்க. அடிச்சாலும் அடிப்பாங்க."

"அடிக்கட்டும்."

சுவரைப் பார்த்துப் படுத்திருந்த சொர்ணம் மெல்லத் திரும்பினாள். காலையிலிருந்து சாப்பிடாத குரல் கம்மியிருந்தது.

"ரெண்டு பேரும் ரெண்டு வாய் சோறு துன்னுட்டுப் போங்க. அடி வாங்கறதுக்கும் ஒடம்புல தெம்பு வேணும்."

விஜி அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு சந்தில் இறங்கியிருந்தாள்.